ஒரே ரீச்சர், இரண்டு வருடம்: வன்னிப் பள்ளிக்கூடம் ஒன்றின் மொழி வகுப்புகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

2023 கல்வியாண்டின் இரண்டாம் தவணையில் ஓர் ஆங்கில ரீச்சரைப் பற்றி மேற்பார்வைப் பதிவில் நான் எழுதியது இரண்டே வரி. "ஆசிரியரின் மொழித்திறன் போதாது. தொடர் பயிற்சி அவசியம்." கையெழுத்துப் போட்டேன், திகதி போட்டேன், அடுத்த பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன். 2024இல் அதே ரீச்சர் அதே பிள்ளைகளுக்கு எடுத்த பாடத்தைப் பின்வாங்கில் 40 நிமிடம் இருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, அந்த இரண்டு வரியையும் போய் அழித்துவிட வேண்டும் போல இருந்தது.

இடையில் அவர் ஒரு பட்டமும் எடுக்கவில்லை, ஒரு பெரிய பயிற்சிக்கும் போகவில்லை. பாடநூல் அதேதான், கூரை அதேதான், சம்பளமும் சொல்லும்படி கூடவில்லை. அப்படியானால் என்னதான் மாறியது என்று தேடிப் போனதில் வந்ததுதான் இந்த எழுத்து. நான் ஆங்கிலப் பாடத்துக்கு ஆசிரிய ஆலோசகராக இருக்கிறேன். ஆனால் ஆங்கிலத்தை மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது என்று தோன்றியதால் அதே பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பிப்பவரிடமும் தமிழ் படிப்பிப்பவரிடமும் கேட்டு அவர்களுடைய வகுப்புகளிலும் இருந்தேன். இரண்டு வருடத்தில் ஒன்பது தடவை போயிருக்கிறேன். வகுப்பு பார்த்தேன், கொப்பிகளைப் பார்த்தேன், அதிபருடனும் நாலைந்து பெற்றோருடனும் கதைத்தேன். என்னைக் கேட்டால் கொப்பியைப் போல உண்மை சொல்லும் சாட்சி வேறில்லை, அதிலும் கடைசிப் பக்கங்கள்.

பள்ளிக்கூடத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ எழுதப் போவதில்லை. இலங்கையின் வடக்கே, வன்னியில், ஏ9 வீதியில் மாங்குளத்தில் இறங்கி உள்ளே போகிற பஸ்ஸில் ஏற வேண்டும், அவ்வளவு போதும். தரம் 11 வரை உள்ள பள்ளிக்கூடம். தகப்பன்மார் வயல், கூலி, குளத்து மீன். காலபோக அறுவடை தொடங்கினால் பெரிய பிள்ளைகள் பாதிப்பேர் வரமாட்டார்கள், விடியக்காலையில் யானை வீதியில் நின்றால் சின்னப் பிள்ளைகளும் வரமாட்டார்கள். 2009இல் போர் முடிந்தபோது முழு ஊரும் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தது. திரும்பி வந்து கூரைத் தகடு போட்டுத் தொடங்கிய வகுப்புகள் இவை. இந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பனில் பலருக்குப் பள்ளிக்கூடமே ஓர் இடப்பெயர்வுக்கும் அடுத்த இடப்பெயர்வுக்கும் நடுவில் கிடைத்த ஒன்றுதான், ஆதலால் வீட்டில் கொப்பியைத் திறந்து பார்த்துச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. அது அவர்களுடைய குற்றமும் இல்லை.

இந்த வகுப்பு எங்கே விடுபட்டது

நான் தொடர்ந்து பார்த்த வகுப்பு 2023இல் தரம் 6, 2024இல் தரம் 7. பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். 2020இல் இவர்கள் தரம் 3. எங்கள் நாட்டில் அப்போது தரம் 1, 2இல் ஆங்கிலம் வாய்மொழிச் செயற்பாடாகத்தான் போனது, புத்தகத்தோடு முறையான பாடமாகத் தொடங்கியது தரம் 3இல். அந்த வருடம் மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டன. தரம் 4க்கு ஏறிய 2021இலும் பெரும்பகுதி பூட்டு, அதற்குள் ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்களும் அதிபர்களும் நடத்திய பணிப்புறக்கணிப்பு. (அந்தப் போராட்டத்தில் நியாயம் இருந்தது, நானும் அதன் பக்கம்தான் நின்றேன், ஆனாலும் பிள்ளைகளுக்குக் கணக்கில் அது இன்னொரு வெற்றிடம்.) 2022இல் எரிபொருள் இல்லை, பள்ளிக்கூடம் வாரத்தில் சில நாட்கள் மட்டும் நடந்த காலமும் உண்டு. ஒன்லைன் வகுப்பு என்று கொழும்பில் சொல்வார்கள், இங்கே சிக்னல் வேண்டுமென்றால் குளக்கட்டில் ஏற வேண்டும்.

ஆகவே தரம் 6க்கு வந்த பிள்ளைக்கு ஆங்கில எழுத்து முழுதாகத் தெரியாது. பாடநூலோ அவனுக்கு மூன்று வருட ஆங்கிலம் தெரியும் என்று நம்பி அச்சடிக்கப்பட்டது. அந்தப் புத்தகத்துக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் நிற்க வைக்கப்படுகிறவர்தான் ரீச்சர். அவர் எப்படிப் படிப்பிக்கிறார் என்று பார்க்க வருகிற என்னைப் போன்றவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடைவெளி எவ்வளவு அகலம் என்பதை. நான் அதைப் பார்க்காமல்தான் அந்த இரண்டு வரியை எழுதினேன்.

2023: நான் பார்த்தது

ஏழாம் பாடவேளை. மத்தியானம் பன்னிரண்டு தாண்டிவிட்டது, தகடு சுடுகிறது, பிள்ளைகள் வாங்கில் சரிந்து கிடக்கிறார்கள். பாடம் மழை, வெயில், காற்று. ரீச்சர் புத்தகத்தைப் பார்த்து "இட் இஸ் ரெய்னிங்" என்று வாசிக்கிறார், மூச்சு விடாமல் "மழை பெய்கிறது" என்கிறார். "இட் இஸ் சனி." "வெயில் அடிக்கிறது." இப்படியே போகிறது. கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்று தெரிந்தது: பிள்ளைகள் ஆங்கில வசனத்தைக் கேட்பதே இல்லை. தமிழ் வரும் என்று தெரியும், அதற்காகக் காத்திருக்கிறார்கள். ஆங்கிலம் அவர்களுக்கு, தமிழுக்கு முந்திய இருமல் சத்தம் மாதிரி, காதைத் தாண்டிப் போகிறது. தமிழ் சொல்லாமல் விட்ட ஆங்கில வசனங்களை என் தாளின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். 40 நிமிடத்தில் நாலு கோடு. அதில் இரண்டு "சிட் டவுன்", "ஸ்டாண்ட் அப்".

ஒரு பையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்து "மிஸ், நோ ரெய்ன்" என்றான். எவ்வளவு அழகான வாக்கியம்! ரீச்சர் அவனைத் திருத்தினார், முழு வசனமாகச் சொல்லச் சொன்னார், அவனுக்கு வரவில்லை, உட்கார்ந்துவிட்டான். பிறகு பாடம் முடியும்வரை அவன் வாயே திறக்கவில்லை.

பாடம் முடிந்த பிறகு ரீச்சரிடம் கதைத்தேன். கண் சிவந்திருந்தது. வலிகாமத்துப் பக்கம் வீடு. நாலே காலுக்கு எழும்பி, ஐந்து மணிக்கு முன்னே யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, மாங்குளத்தில் இறங்கி, உள்ளே போகிற பஸ் தவறினால் இன்னும் இரண்டு ரீச்சர்மாரோடு சேர்ந்து ஓட்டோ பிடித்து, ஏழரைக்குத் தொடங்கும் பள்ளிக்கூடத்துக்கு எட்டு மணிக்குத்தான் வந்து சேர முடிகிறது. ஆதலால் முதலாம் பாடவேளை அவருக்குப் போட முடியாது. நேரசூசி போடுகிறவர் என்ன செய்வார், ஆங்கிலத்தை முடிந்தளவு பின்னேரத்துக்குத் தள்ளிவிட்டார். ஒன்றரைக்கு மணி அடித்தால் அவர் ஓட வேண்டும், அந்த பஸ் போனால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். கொப்பி திருத்துவது பஸ்ஸில், இருக்கை கிடைத்தால். தரம் 6 தொடக்கம் 11 வரை ஆறு வகுப்பும் அவர் ஒருவருக்கே, ஆறு விதமான பாடக்குறிப்பு, அதற்கு மேல் யாராவது லீவு என்றால் ரிலீஃப் பாடம்.

இதையெல்லாம் கேட்டேன், தலையாட்டினேன், ஆனாலும் இவை வேறு, கற்பித்தல் வேறு என்று எனக்குள் ஒரு கணக்கு. ஹேர்ஸ்பேர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் வேலைத் திருப்தி பற்றிச் சொன்னதை எங்கள் கல்வி முகாமைத்துவப் பாடங்களில் எல்லோரும் படித்திருப்போம். சம்பளம், வேலைச் சூழல் போன்றவை குறைந்தால் மனக்குறை வரும், ஆனால் அவை சரியாக இருந்தால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது, ஊக்கம் வேலைக்குள்ளிருந்து வர வேண்டும் என்பது அவருடைய வாதம். நான் அதை அப்படியே நம்பியிருந்தேன். இந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்த பிறகு சொல்கிறேன், வன்னியில் பஸ் என்பது வேலைச் சூழல் என்று ஓரமாக வைக்கிற விஷயம் இல்லை. பஸ் நேராக வகுப்புக்குள்ளே வருகிறது. எந்தப் பாடவேளை, எவ்வளவு குரல் மிச்சம், எத்தனை கொப்பி திருத்தலாம், பின்தங்கிய ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் மறித்து வைக்கலாமா, எல்லாவற்றையும் அந்த பஸ்தான் தீர்மானிக்கிறது.

போகும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் என்னோடு வந்துவிட்டது. "சேர், கொலிச்சில இருக்கேக்க நான் நல்லாக் கதைச்சனான். இப்ப இந்தப் பிள்ளையளோட கதைக்கிற இங்கிலிஷ் மட்டும்தான் என்ர இங்கிலிஷ். வேற ஒருத்தரும் இல்லை. எனக்கே அது மறக்குது." அன்று இதை நான் ஒரு முறைப்பாடாகத்தான் எடுத்தேன்.

அடுப்படி

2024 தொடக்கத்தில் மூன்று விஷயம் நடந்தது. கல்வியியற் கல்லூரி முடித்த ஓர் இளம் ஆசிரியை ஆங்கிலத்துக்கு வந்தார், மேல் வகுப்புகள் மூன்றும் அவருக்குப் போயின. அதிபர் நேரசூசியைப் பிரித்துப் போட்டு தரம் 6, 7 ஆங்கிலத்தை இரண்டாம், மூன்றாம் பாடவேளைக்குக் கொண்டுவந்தார். மூன்றாவது, எங்கள் ரீச்சர் திங்கள் தொடக்கம் வியாழன் இரவு வரை ஊரிலேயே தங்கத் தொடங்கினார், சிங்களம் படிப்பிக்கிற ரீச்சரின் வீட்டுப் பக்கத்து அறையில்.

பள்ளிக்கூடத்துக்கென்று ஆசிரியர் விடுதி ஒன்று இருக்கிறதுதான். கதவு இல்லாத கழிப்பறை, உப்புத் தண்ணீர். அங்கே தனியாக ஒரு பெண் பிள்ளை தங்க முடியாது.

ஒருநாள் மாலை அந்த வீட்டுக்குத் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். சிங்கள ரீச்சர் மாத்தளைப் பக்கம் வளர்ந்த தமிழ்ப் பெண். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மகள் உயர்தரம் படிக்கிறாள், ஆங்கிலம் பேச ஆசை. ஆக அந்த அடுப்படியில் ஓர் ஏற்பாடு தானாகவே உருவாகியிருந்தது. தேங்காய் துருவி முடியும்வரை ஆங்கிலம். கறி கொதிக்கும்வரை சிங்களம். சாப்பிட உட்கார்ந்தால் தமிழ். நான் போனபோது மகள் அரிவாள்மணையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு அன்றைக்கு பஸ்ஸில் நடந்த ஒரு சண்டையை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள், பாதி வசனத்தில் சொல் கிடைக்காமல் நின்றாள், எங்கள் ரீச்சர் சொல்லைக் கொடுக்கவில்லை, "அப்புறம்?" என்று கேட்கிற பாவனையில் "ஸோ?" என்றார். பிள்ளை வேறு வழியால் சுற்றி வந்து வசனத்தை முடித்தது.

அந்த "ஸோ?"வை அடுத்த நாள் வகுப்பில் கேட்டேன்.

தரம் 7, மூன்றாம் பாடவேளை. முந்திய வருடம் "நோ ரெய்ன்" என்ற அதே பையன். "மிஸ், யெஸ்டர்டே ஐ வென்ட் குளம்." ரீச்சர் திருத்தவில்லை. "ஸோ?" என்றார். "அப்பா கம். ஃபிஷ்." "வட் ஃபிஷ்?" "விரால்." இப்போது வகுப்பே நிமிர்ந்துவிட்டது, ஏனென்றால் விரால் பற்றி எல்லோருக்கும் கதை உண்டு. விராலுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டது. ரீச்சர் என்னைப் பார்த்தார், பிறகு பிள்ளைகளைப் பார்த்து "ஐ டோன்ட் நோ. லெட் அஸ் ஃபைண்ட் அவுட்" என்றார், அதுவும் தமிழ் சொல்லாமல். 2023இல் மேற்பார்வைக்கு வந்த ஆளுக்கு முன்னால் தெரியாது என்று சொல்லக்கூடிய நிலையில் அவர் இருக்கவில்லை. அடுத்த நாள் கரும்பலகையில் "ஸ்நேக்ஹெட்" என்று எழுதினாராம், பாம்புத் தலையா என்று பிள்ளைகள் சிரித்துவிட்டு, பிறகு தலையை நினைத்துப் பார்த்து ஓம் என்று ஒத்துக்கொண்டார்களாம்.

கதை முடிந்த பிறகுதான் பையனின் வசனத்துக்குத் திரும்பினார். கரும்பலகையில் "குளம்", பக்கத்தில் "குளத்துக்கு" என்று எழுதினார். "க்கு" என்ற துண்டை வட்டமிட்டார். தமிழில் இந்தத் துண்டு சொல்லின் வாலில் ஒட்டும், ஆங்கிலத்தில் அது தனிச் சொல்லாகி முன்னால் வந்து நிற்கும், "டு த டாங்க்" என்றார். பிறகு கடைக்கு, கோயிலுக்கு, வயலுக்கு. பிள்ளைகளே வட்டமிட்டார்கள். லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1986இல் எழுதிய கருத்து ஒன்று உண்டு: பாடம் தெரிந்திருப்பது வேறு, அந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைக்கு எப்படி உடைத்துக் கொடுப்பது, அவன் எங்கே தடுக்குவான் என்று தெரிந்திருப்பது வேறு, அந்த இரண்டாவதுதான் ஆசிரியருக்கே உரிய அறிவு. தமிழ்ப் பிள்ளை அந்த "டு"வை ஏன் விடுகிறான் என்பதற்கு எந்த வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகத்திலும் பதில் இருக்காது. தமிழும் ஆங்கிலமும் இரண்டும் உள்ளே ஓடுகிற ஆளுக்குத்தான் அது பளிச்சென்று தெரியும், அதுவும் மூளை விழித்திருக்கிற நேரத்தில்.

நான் விளங்கிக்கொண்டது இதுதான். மொழி ஆசிரியரின் நிலை கணித ஆசிரியரின் நிலை போல இல்லை. கணிதம் படிப்பிக்கிறவருக்குப் பத்து வருடம் யாருமே அவரோடு கணிதம் கதைக்காவிட்டாலும் பைதகரஸ் தேற்றம் கரையாது. மொழி கரையும். புழங்காத மொழி ஆளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், முதலில் வேகம் போகும், பிறகு துணிவு போகும், அதற்குப் பிறகு அவர் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒவ்வொரு வசனத்துக்கும் தமிழ் சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொள்வார். 2023இல் நான் பார்த்தது அந்த ஒளிப்பை. "மொழித்திறன் போதாது" என்று எழுதியது உண்மைக்குப் பக்கத்தில் வந்து நின்ற பொய். ஒரு முழு வருடம் அந்த மொழியில் ஒரு பெரிய ஆளோடு ஒரு வார்த்தை கதைக்க வாய்ப்பில்லாத ஒருவருக்கு நான் பரிந்துரைத்தது என்னவென்றால், மூன்று நாள் செயலமர்வு, அதுவும் பெரும்பாலும் தமிழில் நடப்பது.

பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் தன்திறன் நம்பிக்கை, அதாவது தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, பற்றி எழுதியபோது அது எங்கேயிருந்து வருகிறது என்று நாலு ஊற்றைச் சொன்னார். தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர் தருகிற ஊக்கச் சொல், உடலும் மனமும் இருக்கிற நிலை. அந்த அடுப்படியில் நாலும் இருந்தது. தினமும் பேசி வெல்கிறார், சிங்கள ரீச்சர் துணிந்து பேசுவதைப் பார்க்கிறார், நல்ல வார்த்தை கிடைக்கிறது, ஏழு மணி நேரம் தூங்குகிறார். எங்கள் மேற்பார்வைப் படிவத்தில் இந்த நாலில் ஒன்றுக்கும் கட்டம் இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. எங்கள் ரீச்சருக்கு நாலு வயதில் ஒரு மகள். அவர் வன்னியில் தங்கிய ஒவ்வொரு இரவும் அந்தப் பிள்ளை அம்மம்மாவோடு படுத்தது. "இரவில வீடியோ கோல் எடுப்பா, சிக்னல் போனா அழுவா" என்று சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் பார்த்தார். அந்தத் தரம் 7 வகுப்பின் முன்னேற்றத்துக்கு ஒரு சின்னப் பிள்ளை விலை கொடுத்திருக்கிறது. ஆதலால் எல்லா ரீச்சர்மாரும் தங்கிப் படிப்பிக்க வேண்டும் என்று இந்த ஆய்வைக் காட்டி யாராவது ஒரு சுற்றறிக்கை எழுதினால் எனக்கு அது பெரிய துக்கம்.

சிங்கள ரீச்சர்

இவருக்கு நியமனம் ஆரம்பப் பிரிவுக்கு. சிங்களம் படிப்பிக்க வேறு ஆளில்லாததால் தந்துவிட்டார்கள். வாரத்தில் ஒரு வகுப்புக்கு இரண்டு பாடவேளை. இலக்கணம் கேட்டால் தடுமாறுவார், அவரே அதைச் சொல்வார். ஆனால் இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி வகுப்பில் பிள்ளைகள் அதிகம் பேசுகிறார்கள் என்றால் அது இவருடையதில்தான்.

சிங்களம் இந்த ஊரில் சும்மா ஒரு பாடம் இல்லை. 1956இல் தனிச் சிங்களச் சட்டம், 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழி, இதெல்லாம் குடியியல் புத்தகத்தில் இருக்கிறது. ஊரில் இருப்பது வேறு. ஒரு தகப்பன் என்னிடம் சொன்னார்: "இந்தப் பாஷையிலதான் எங்களை விசாரிச்சவங்கள். என்ர பிள்ளை அதைப் படிக்கேக்க என்ர வயித்துக்குள்ள ஏதோ செய்யுது. ஆனா படிக்கட்டும், எனக்கு அண்டைக்கு விளங்கேல்லை, அவனுக்கு விளங்கட்டும்." இப்படி ஒரு பாரம் வாசலில் நிற்கிறபோது ஆசிரியரின் செயற்பாட்டைப் பயிற்சிச் சான்றிதழால் மட்டும் அளந்து என்ன காண்பது?

முதல் ஒரு மாதம் இவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "சார், புத்தகம் தொறந்தா பிள்ளைங்க மூடிக்கிறாங்க" என்றார். பஸ் பெயர்ப்பலகையில் மூன்று மொழியும் இருக்கிறதே, அதிலிருந்து தொடங்கினார். வவுனியா, மாங்குளம், முல்லைத்தீவு என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர்களைச் சிங்கள எழுத்தில் எழுதி எது எந்த ஊர் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஊர்ப் பெயர் தெரியும், ஒலி தெரியும், எழுத்து மட்டும் புதிது. இது எந்த வழிகாட்டி நூலிலும் அவர் படித்ததில்லை. மாத்தளையில் சின்ன வயதில் தமிழ்ப் பெண்ணாகச் சிங்களக் கடைத்தெருவில் வளர்ந்தபோது தான் எழுத்துப் படித்த முறை அது. அவருக்கு அந்த மொழி இன்னும் உயிரோடு இருக்கிறது, வாரத்தில் ஒரு தடவையாவது பழைய பக்கத்து வீட்டு அக்காவோடு போனில் பேசுகிறார். அந்த மொழியில் அவருக்கு அன்பான ஆட்கள் இருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அது மெல்ல மெல்ல வேலை செய்கிறது.

தமிழ் சேர்

தாய்மொழிதானே என்று எல்லோரும் விட்டுவிடுகிற இடம் இது. இருபது வருடத்துக்கு மேல் சேவை. தமிழோடு விளையாட்டும் அவர்தான், பிள்ளைகளின் சாப்பாட்டுத் திட்டக் கணக்கும் அவர்தான், யாரும் வராவிட்டால் வரலாறும் அவர்தான். தமிழ் ரீச்சர்மாரும் சேர்மாரும் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் சுமக்கிறார்கள், அவர்களுக்குத் தட்டுப்பாடு இல்லை என்பதால். நான் பார்த்த இரண்டு வருடத்தில் அவருடைய தமிழ் வகுப்பை ஒருவரும் வந்து பார்க்கவில்லை.

தரம் 8இல் ஒரு பிள்ளையின் கொப்பியைத் திறந்தேன். முத்து முத்தான எழுத்து, ஒரு வெட்டுக் கிடையாது, ஓரம் பிசகாத வரி. "இதை ஒருக்கா வாசியுங்கோ பிள்ளை" என்றேன். பேசாமல் நின்றாள். முதல் சொல்லின் முதல் எழுத்தில் விரலை வைத்தபடி நின்றாள். கரும்பலகையில் இருப்பதைப் படம் வரைவது போல வரைந்திருக்கிறாள், வாசிக்கத் தெரியாது. இவளும் 2020இல் ஆரம்பப் பிரிவில் இருந்தவள்.

சேருக்குத் தெரியாமல் இல்லை. "தெரியும் சேர். ஆரார் வாசிக்கமாட்டினம் எண்டு பேர் சொல்லுவன். ஆனா பாடத்திட்டம் முடிக்கோணும், தவணைச் சோதினை வலயத்தால வரும், முடிக்கேல்லை எண்டா அதுக்கும் என்னைத்தான் கேப்பினம்." அவருடைய மொழிக்கு ஒரு குறையும் இல்லை, அவர் செய்யுளைச் சொன்னால் வாசலில் போகிறவர் நின்று கேட்பார். அவரைக் கட்டிப் போட்டிருப்பது, வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குச் சங்கப் பாட்டின் அணி நயம் சொல்லிக் கொடுத்து முடித்ததாகப் பதிவு எழுத வேண்டிய கட்டாயம். இடைவேளையில் பாலை மரத்துக்குக் கீழே ஆறு பிள்ளைகளை வைத்து எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்குகிறார். சாப்பாட்டை மறந்துவிடுகிறார் என்று சக ஆசிரியர்கள் ஏசுகிறார்கள். இது எந்த அறிக்கையிலும் இல்லை, மேற்பார்வைக்கு வருகிறவர்கள் இடைவேளையில் அதிபரின் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்குப் பிடிபட்டது, பிடிபடாதது

2024இன் மாற்றத்துக்கு எது காரணம் என்று ஒன்றை மட்டும் பிடித்துச் சொல்ல முடியாது. நேரசூசி மாறியது, வகுப்பு ஆறிலிருந்து மூன்றானது, அறை கிடைத்தது, எல்லாம் ஒரே தவணையில் நடந்தது. பிள்ளைகளுக்கும் ஒரு வயது கூடியது. ரீச்சரையே கேட்டேன். யோசிக்காமல் "அறை" என்றார், பிறகு யோசித்து "அறையில்லை சேர், ஆள்" என்றார்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை, அது முக்கியமில்லை என்பதால் இல்லை. 2022க்குப் பிறகு பஸ் காசும் அறை வாடகையும் போக மிச்சம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் பங்கீட்டு முறையில் கொடுத்தபோது இந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் இரண்டு பேர் ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறி முறை வைத்து வந்தார்கள். அப்படி வந்து படிப்பித்தவர்களைப் பார்த்து ஊக்கம் போதாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நான் செய்யக்கூடியதில் ஒன்றிரண்டை மாற்றிக்கொண்டேன். இப்போது முதல் தடவை போகும்போது படிவம் கொண்டு போவதில்லை. பின்வாங்கில் இருக்கிறேன், பாடம் முடிந்ததும் ரீச்சரோடு பத்து நிமிடம் ஆங்கிலத்தில் கதைக்கிறேன், பாடத்தைப் பற்றி அல்ல, பஸ்ஸைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, சமையலைப் பற்றி. பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் ஆங்கில ரீச்சர்மார் ஐந்து பேரை வட்ஸ்அப்பில் சேர்த்து, எழுதக் கூடாது, குரல் பதிவு மட்டும் என்று வைத்திருக்கிறோம். முதல் வாரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவர் தன் வீட்டு மாடு கன்று போட்ட கதையைச் சொன்னார், அதோடு மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. விடுதிக் கதவுக்கும் தண்ணீருக்கும் அதிபர் மூன்று தடவை கடிதம் அனுப்பிவிட்டார், நானும் ஒன்று எழுதினேன்.

2025 தொடக்கத்தில் எங்கள் ரீச்சருக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இடமாற்றம் கிடைத்தது. மகளுக்காக எனக்குச் சந்தோஷம். அவருக்கு முன்னால் ஐந்து வருடத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நாலு ஆங்கில ஆசிரியர்கள் வந்து போயிருந்தார்கள், இவர் ஐந்தாவது. விரால் பிடித்த பையன் இப்போது தரம் 8, அவனுடைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மீன்களின் பெயர்கள் இரண்டு மொழியிலும் வரிசையாக இருக்கின்றன, சிலதுக்கு ஆங்கிலப் பக்கம் இன்னும் வெறுமையாக.

போன மாதம் போனபோது சிங்கள ரீச்சரை வாசலில் கண்டேன். அறைச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. புதிதாக வரப்போகிற ரீச்சர் எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். பருத்தித்துறைப் பக்கம் என்று கேள்விப்பட்டேன் என்றேன். "தூரம்தான் சார். அறையைக் கூட்டித் துடைச்சு வைக்கிறேன், வந்தவுடனே எங்கிட்ட அனுப்புங்க" என்றார்.